காவும் காப்பும்: திருவரங்கத் தீவின் ஆற்றங்கரைக் காடு குறித்த ஒரு சூழலியல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவின் ஆற்றங்கரைக் காடு, சங்க இலக்கியக் காலம் தொட்டு இன்றைய மேலணைக் காப்புக்காடு வரை கா, பொழில், நந்தவனம், தோப்பு, காப்புக்காடு எனப் பல பெயர்களைப் பெற்றுள்ளது. ஒவ்வொரு பெயரும் அக்காட்டைக் காத்தவர் யார், எதற்காகக் காத்தனர் என்பதை உணர்த்துகிறது. இலக்கியம், தல வரலாறு, கோயிலொழுகு, போர் வரலாறு, அணைகளின் வரலாறு, பூச்சிகளின் வாழ்வியல் ஆகியவற்றை ஒருங்கே வைத்து இக்கட்டுரை அம்மாற்றத்தை ஆராய்கிறது. ஆற்றுத் தீவில் காட்டின் தொன்மை மரத்தின் வயதில் இல்லை. வெள்ளமும் மணலும் விதையும் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் நிகழ்வில் உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: திருவரங்கம், திருவானைக்கா, மேலணைக் காப்புக்காடு, நந்தவனம், நாவல், வண்ணத்துப்பூச்சி, கொள்ளிடம்

1. முன்னுரை

இங்கிலாந்தில் ஒரு காட்டைத் தொன்மையான காடு என வகைப்படுத்துவதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அந்நிலம் 1600ஆம் ஆண்டு முதலாவது இடையறாது மரம் சூழ்ந்ததாக இருந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இவ்வெல்லை 1750. பழைய நிலப்படங்கள், ஆவணங்கள், நெடுங்காலக் காட்டுத்தரையில் வளரும் சில செடிகள் ஆகியவற்றைக் கொண்டு இது உறுதிசெய்யப்படுகிறது. இவ்வளவுகோலுக்கு அடியில் ஓர் எடுகோள் உள்ளது: நிலம் நிலைத்திருக்கும், அதன் மேலுள்ள மரங்களே தோன்றி மறையும்.

திருவரங்கத்தில் இந்த எடுகோள் பொருந்துவதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. தென்கிளை காவிரியாகவே தொடர்கிறது. கல்லணை அருகே இவ்விரண்டும் மீண்டும் நெருங்கும் வரை இடையில் நீண்டு கிடக்கும் வண்டல் நிலமே திருவரங்கத் தீவு. இங்கே நிலத்தையே ஆறு ஆக்கியது. ஆறே அதை அரித்தும் மூடியும் வந்துள்ளது. இத்தகைய நிலத்தில் ஒரு காடு தொன்மையானது என்றால் அதன் பொருள் என்ன? அதைக் காப்பது என்றால் எதைக் காப்பது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை வரலாற்று வழியில் அணுகுகிறது.

2. காவும் பொழிலும்

தமிழில் கா என்னும் சொல்லுக்குச் சோலை என்றும் காத்தல் என்றும் பொருள் உண்டு. சோலையைக் குறிக்கும் சொல்லும் காவலைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாய் நிற்பது கருதத்தக்கது. கா என்பது தானே வளர்ந்த பெருங்காடு அன்று. எல்லை வகுக்கப்பட்டு, ஒருவர் பொறுப்பில் விடப்பட்ட மரக்கூட்டம். காவிரி என்னும் பெயருக்கே கா விரிந்து செல்லும் ஆறு எனப் பொருள் கூறும் மரபும் உண்டு. சொற்பிறப்பு ஆய்வில் அது நிற்குமோ நில்லாதோ, ஆற்றையும் சோலையையும் பிரித்துப் பார்க்காத மனநிலை அதில் வெளிப்படுகிறது.

திருவரங்கத்தின் எதிர்க்கரையில் அமைந்த உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர். அகநானூற்றின் 137ஆம் பாடல், உறையூரை அடுத்த பேராற்றங்கரையில் வெண்மணல் பரந்த குளிர்பொழிலில் நிகழ்ந்த பங்குனி விழாவைக் குறிக்கிறது. விழா முடிந்த மறுநாளின் வெறுமையே அப்பாடலில் உவமையாகிறது: மரங்கள் செறிந்த காவில் தீயில்லாத அடுப்புகள் மட்டும் எஞ்சிக் கிடக்கின்றன. மக்கள் ஆண்டுக்கொருமுறை கூடிச் சமைத்து உண்டு கலைந்துசெல்லும் பொதுவிடமாக அப்பொழில் இருந்தது என்பதை இதனால் அறியலாம். பயன்பாடும் காவலும் அங்கு முரண்படவில்லை.

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை மற்றொரு குறிப்பைத் தருகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை நோக்கிச் செல்லும் வழியில் ஆற்றிடைக்குறையாகிய அரங்கத்தில் தங்குகின்றனர். அவ்விடம் வளைந்த மூங்கிலால் வேலியிடப்பட்டு, மரம் நெருங்கி வளர்ந்த சோலையாகக் காட்டப்படுகிறது. வேலி என்னும் ஒரு சொல்லே நமக்கு வேண்டிய செய்தியைத் தந்துவிடுகிறது. திருவரங்கத்தின் சோலை இலக்கியத்தில் தோன்றும்போதே காக்கப்பட்ட சோலையாகத் தோன்றுகிறது.

தேவாரத் தலங்களுள் கா என முடியும் பெயருடையவை ஐந்து: திருவானைக்கா, திருநெல்லிக்கா, திருக்கோலக்கா, திருக்குரக்குக்கா, திருக்கோடிகா. ஐந்தும் சோழநாட்டில் உள்ளன. இவற்றுள் முதலாவது திருவரங்கத் தீவிலேயே அமைந்துள்ளது. யானையின் சோலை என்னும் பொருளுடைய ஆனைக்கா, மக்கள் வழக்கில் ஆனைக்காவல் ஆனது. சோலை என்னும் பொருள் மறைந்தபின்னும் காவல் என்னும் பொருள் பெயரில் தங்கிவிட்டது.

3. யானை, சிலந்தி, நாவல்

திருவானைக்காவின் தல வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழ நாயனார் வரலாற்றின் தொடக்கமாகப் பாடியுள்ளார். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தை ஒரு யானை துதிக்கையில் நீர் முகந்துவந்து வழிபட்டது. சருகு விழாதபடி ஒரு சிலந்தி மேலே வலைப்பந்தல் இட்டது. வலையைத் தூய்மைக்கேடு எனக் கருதிய யானை அதைச் சிதைத்தது. சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடித்தது, இரண்டும் மாண்டன. சிலந்தி பின்னர்ச் சோழ மன்னனாகப் பிறந்து கோயில்கள் பல எடுப்பித்தது. அம்மன்னன் கட்டியவை எனப் போற்றப்படும் மாடக்கோயில்களின் கருவறையை யானையால் அணுக முடியாது என்பர்.

சமயப் பொருள் ஒருபுறமிருக்க, இக்கதையில் ஒரு சூழலியல் காட்சி பொதிந்துள்ளது. ஆறு, ஆற்றங்கரை மரம், இலையுதிர்வு, மரக்கிளைகளுக்கு இடையே வலை பின்னும் சிலந்தி, நீரருந்த வரும் யானை என ஆற்றங்கரைக் காட்டின் உறுப்புகள் அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. கதையின் முடிவில் யானை நுழைய முடியாத கற்கட்டடம் எழுகிறது. திறந்த காவாக இருந்த வழிபாட்டிடம் சுவர் சூழ்ந்த கோயிலாக மாறியதன் நினைவு இக்கதையில் உறைந்துள்ளது எனக் கொள்ள இடமுண்டு.

தலமரமாகிய நாவல் தனியே ஆராயத்தக்கது. நாவல் இயல்பாகவே நீர்க்கரை மரம். தமிழகத்தில் அதன் பழங்கள் ஆனி, ஆடி மாதங்களில் கனிந்து உதிர்கின்றன. நெல்லைப் போலவோ பயற்றைப் போலவோ அதன் விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது. ஈரம் வற்றினால் சில வாரங்களுக்குள் முளைக்கும் திறனை அது இழந்துவிடும். எனவே, பழம் உதிரும் நாள்களிலேயே விதைக்கு ஈரமண் கிடைத்தாக வேண்டும். காவிரியில் தென்மேற்குப் பருவமழையின் புதுப்புனல் வந்து கரைகளை நனைக்கும் காலமும் அதுவே. குயில், மைனா, பழந்தின்னி வௌவால் ஆகியவை பழத்தை உண்டு விதையைப் பரப்ப, வெள்ளம் அதற்கு நனைந்த வண்டலைத் தருகிறது. ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரையில் படைக்கப்படும் பொருள்களுள் நாவற்பழமும் ஒன்றாதல் இக்காலப் பொருத்தத்தின் பண்பாட்டு வெளிப்பாடு எனலாம்.

நீர்மருதும் இவ்வாறே ஆற்றைச் சார்ந்து வாழ்வது. சிறகு போன்ற ஐந்து விளிம்புகளையுடைய அதன் காய் காற்றிலும் நீரிலும் பரவுவதற்கேற்ப அமைந்தது. மருத நிலத்துக்குப் பெயர் தந்த மரம், மருத நிலத்துக்கு உயிர்தந்த ஆற்றாலேயே பரவியது.

4. மணலும் கிளியும்

திருவரங்கக் கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகு, நிலத்தின் நிலையாமையை நேரடியாகவே பதிவு செய்கிறது. தர்மவர்மன் எடுப்பித்த ஆதிகோயில் ஆற்று வெள்ளத்தால் மணலுள் புதைந்தது. அதன்மேல் காடு மூடியது. பிற்காலச் சோழன் ஒருவன் அக்காட்டில் மரத்தடியில் இளைப்பாறியபோது, அரங்கன் இங்கே உறைகிறான் என ஒரு கிளி ஓதக் கேட்டான். காட்டை வெட்டி, மணலை நீக்கிக் கோயிலை மீண்டும் கண்டான். கிளிச்சோழன் எனப் பெயர் பெற்ற அம்மன்னனின் கதையைக் கோயிலினுள் உள்ள கிளிமண்டபம் இன்றும் நினைவூட்டுகிறது.

இதைக் கால வரையறையுடைய நிகழ்ச்சியாகக் கொள்வதைவிட, தீவின் இயல்பு குறித்த மக்களறிவாகக் கொள்வதே பொருந்தும். வெள்ளம், மணல், காடு, வெட்டுதல், குடியேற்றம் என்னும் ஒழுங்கு அதில் தெளிவாக உள்ளது. காவிரிப் படுகையில் கைவிடப்பட்ட மணல்திட்டில் முதலில் நாணல் பிடிக்கும். பின்னர் நொச்சியும் புதர்களும் மண்ணைக் கட்டும். அவற்றின் நிழலில் புங்கும் நாவலும் மருதும் எழும். மனிதர் விலகினால் காடு மீளும் என்பதைக் கோயிலொழுகை எழுதியோர் அறிந்திருந்தனர். மறைந்து கிடந்த கோயிலை வெளிப்படுத்தியதும் காட்டுப் பறவையாகிய கிளியே என்பது இக்கதையின் நயம்.

5. நந்தவனம்

ஆழ்வார்கள் காலத்தில் சோலை நந்தவனமாகிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து மாலை கட்டும் தொண்டில் வாழ்ந்தவர். அவருடைய திருமாலை, திருப்பள்ளியெழுச்சி ஆகிய இரண்டும் திருவரங்கத்தையே பாடுகின்றன. திருமாலையில் வண்டும் மயிலும் குயிலும் நிறைந்த சோலையாகத் திருவரங்கம் காட்சியளிக்கிறது. பாடியவர் தோட்டக்காரரும் ஆதலின், அது வெறும் மரபு வருணனை அன்று. நாள்தோறும் அங்கு நின்று கண்டவரின் சொல்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனம் ஒரு நிறுவனமாக வளர்ச்சி பெறுகிறது. நந்தவனத்துக்கென விடப்பட்ட நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. அதில் உழைத்த குடிகளுக்கு நெல்லும் துணியும் கூலியாக வகுக்கப்பட்டன. திருவரங்கக் கோயிலின் கல்வெட்டுகள் அறுநூற்றுக்கு மேற்பட்டவை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிலுக்கே உரியது. தோட்டத்தை வைப்பதோடு கொடை முடிந்துவிடவில்லை. அதை என்றும் பேணுவோரின் வாழ்வுக்கும் வழி செய்யப்பட்டது. இன்றைய காடு வளர்ப்புத் திட்டங்கள் இவ்விடத்தில் கற்கவேண்டியது உண்டு.

ஆயினும், இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. நந்தவனம் தேர்ந்தெடுத்த செடிகளின் இடம். துளசி, மல்லிகை, இருவாட்சி, செண்பகம், மகிழ், நந்தியாவட்டை, அலரி என மாலைக்கும் பூசைக்கும் உரியவையே அங்கு இடம்பெற்றன. எருக்கும் ஆடுதின்னாப்பாளையும் களையெனக் களையப்பட்டன. பூவைக் காத்த நந்தவனம், பூவுக்கு வரும் உயிர்களின் இளம்பருவ உணவைக் காக்கவில்லை. இதன் பொருள் ஏழாம் பகுதியில் விளங்கும்.

6. தோப்பும் அணையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சோலைகள் போர்க்களமாயின. 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவரவர் துணைவரும் பொருதனர். திருவரங்கக் கோயிலில் அரண்கொண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ழாக் லா 1752 ஜூனில் சரணடைந்தார். இப்போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், படைகள் தங்கிய இடங்களைக் குறிக்கையில் தோப்பு என்னும் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலத்தில் ஆண்டார். நகருக்கருகே மைசூர்ப்படை தங்கிய பக்கிரித் தோப்பு அவற்றுள் ஒன்று. நிழல், நீர், மறைவு, விறகு ஆகிய நான்கையும் ஒருசேரத் தந்த தோப்புகளே பாளையத்துக்கு ஏற்றவையாயின. ஆயிரக்கணக்கான வீரர்களும் மாடுகளும் மாதக்கணக்கில் தங்கிய தோப்பில் இளங்கன்று எழுவது அரிது.

அடுத்த மாற்றம் ஆற்றிலேயே நிகழ்ந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிந்தும் இருந்தமையால் வெள்ளநீர் அதன்வழியே பாய்ந்தது. காவிரியில் வண்டல் படிந்து தஞ்சைக்குச் செல்லும் நீர் குறைந்தது. இதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. ஜூன் 12இல் அணை திறப்பது வழக்கமாயிற்று. நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போயிற்று. நெல்லுக்கு இம்முறை நிலைத்த பயன் தந்தது. கரைமரங்களுக்கோ வெள்ளத்தின் காலமும் அளவும் மாறின. ஆனியில் உதிரும் நாவல் விதை, அணை திறக்கும் நாளுக்காகக் காத்திருக்க இயலாது.

மேலணையால் பெயர்பெற்ற காப்புக்காடு இத்தீவில்தான் உள்ளது. காப்புக்காடு என்பது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் உருவாக்கிய வகை. எல்லை அறிவிக்கப்பட்டு, மேய்ச்சல், வழி, நீர் முதலிய உரிமைகள் விசாரித்து முடிவுசெய்யப்பட்ட பின்னரே ஒரு நிலம் காப்புக்காடாகும். மூங்கில் வேலிக்கு மாறாக எல்லைக்கல் வந்தது. விழாவுக்குக் கூடும் ஊராருக்கு மாறாகத் துறை வந்தது. காத்தல் என்னும் வேர்ச்சொல் மட்டும் இங்கும் தொடர்கிறது.

7. வண்ணத்துப்பூச்சிகளின் சான்று

திருச்சிராப்பள்ளிப் பகுதியின் தாவரங்களை முறைப்படி ஆவணப்படுத்திய பணியில் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்துக்குச் சிறப்பிடம் உண்டு. 1967இல் அதை நிறுவிய கே. எம். மேத்யூ தமிழ்நாட்டுக் கருநாடகச் சமவெளியின் தாவரங்களைப் பல தொகுதிகளில் வகைப்படுத்தினார். மலைக்காடுகளோடு வயல் வரப்பும் ஆற்றங்கரையும் புதர்நிலமும் அறிவியலின் பார்வைக்குள் வந்தமை அவர் பணியின் பயன்.

2015இல் மேலூரில், மேலணைக் காப்புக்காட்டுக்குள் ஏறத்தாழ 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் அங்குப் பதிவாகியுள்ளன. இதன் அமைப்பில் இரு வகைச் செடிகள் திட்டமிட்டு வளர்க்கப்படுகின்றன. ஒன்று, வளர்ந்த பூச்சிக்குத் தேன் தரும் செடி. மற்றொன்று, புழுவுக்கு இலை தரும் செடி. நந்தவனம் முதல் வகையை அறிந்திருந்தது. இரண்டாம் வகையே பூங்காவின் புதுமை.

சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் புழு ஆடுதின்னாப்பாளையையும் அதன் இனத்தைச் சேர்ந்த கொடிகளையும் மட்டுமே உண்ணும். ஆடும் தின்னாத அவ்விலையின் நச்சு புழுவின் உடலில் தங்கி, வளர்ந்த பூச்சிக்கும் காவலாகிறது. ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அதைத் தொடுவதில்லை. நச்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளுள் சில, சிவப்புடல் அழகியின் தோற்றத்தைப் போன்றே அமைந்து பறவைகளிடமிருந்து தப்புகின்றன. அசல் அருகினால் போலியின் காவலும் வலுவிழக்கும். ஆற்றங்கரையில் யாரும் பொருட்படுத்தாத ஒரு கொடி, தன்னை உண்ணாத மற்றொரு பூச்சிக்கும் காவலாய் நிற்கிறது. எருக்கை நம்பிய வெந்தய வரியனும், எலுமிச்சை, விளா, வில்வ இலைகளை நம்பிய எலுமிச்சை அழகியும் இவ்வாறே குறிப்பிட்ட செடிகளோடு பிணைக்கப்பட்டவை.

பூங்காவினுள் நட்சத்திரவனமும் ராசிவனமும் வைக்கப்பட்டுள்ளன. வனத்துறையின் பொறுப்பில் உள்ள நிலத்திலும் நந்தவன மரபு மீண்டும் தளிர்த்திருப்பதை இது காட்டுகிறது. மக்கள் ஒரு மரத்தோடு உறவு கொள்ள அம்மரபு உதவும். ஆனால், ஒரு மரத்துக்கு ஓர் இடம் என வரிசைப்படுத்திய தோட்டம், அடுத்த தலைமுறை மரம் தானே முளைக்கும் காட்டுக்கு ஈடாகாது.

8. ஆறில்லாக் காடு

காப்புக்காட்டின் எல்லைக்கல் மரத்தைக் காக்கும். மரத்தின் வேர் தேடும் நீரைக் காக்காது. மணல் வெறும் கட்டுமானப் பொருள் அன்று. அது நீரைத் தன்னுள் தேக்கி, கோடையிலும் கரைமரங்களின் வேர்களுக்கு ஈரம் தரும் கலம். நீர்த்தலமாகிய திருவானைக்காவின் கருவறையில் நீர் ஊறுவது, ஆற்றுக்கும் தீவின் நிலத்தடிக்கும் உள்ள தொடர்பை வழிபடுவோர் கண்முன் நிறுத்துகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளப்படும்போது படுகை தாழ்கிறது. படுகையோடு நிலத்தடி நீர்மட்டமும் தாழ்கிறது. உயரத்தில் நின்றுவிட்ட கரையில் நாவலுக்கும் மருதுக்கும் மாறாக, வறட்சியைத் தாங்கும் சீமைக்கருவேலம் இடம்பிடிக்கிறது.

2018 ஆகஸ்ட் 22இல் பெருவெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச்செல்லப்பட்டன. மணற்கொள்ளையே காரணம் என உழவர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. அரசு அதை மறுத்தது. புதிய கதவணை பின்னர்க் கட்டப்பட்டது. விவாதம் எவ்வாறாயினும், 180 ஆண்டுகள் நின்ற ஒரு கட்டுமானமும் ஆற்றின் போக்குக்கு உட்பட்டதே என்பதை அந்நாள் காட்டியது. கோயிலொழுகு கூறும் வெள்ளம் பழங்கதையாக முடிந்துவிடவில்லை.

9. முடிவுரை

திருவரங்கத் தீவின் காட்டை ஊரார் விழாவிடமாகவும், அடியார் பூந்தோட்டமாகவும், படையினர் பாளையமாகவும், அரசு காப்புக்காடாகவும் கண்டுள்ளனர். மனிதக் கை படாத காடு இங்கு எக்காலத்தும் போற்றப்பட்டதாக இலக்கியமோ தல வரலாறோ கூறவில்லை. பேணப்பட்ட காடே போற்றப்பட்டது.

எனவே, 1600ஆம் ஆண்டு போன்ற ஓர் ஆண்டெல்லையைக் கொண்டு இக்காட்டின் தொன்மையை அளத்தல் இயலாது. இங்குள்ள மரங்கள் இளையவையாக இருக்கலாம். அவை முளைக்கும் முறை தொன்மையானது. ஆனியில் உதிர்ந்த பழம், அதைச் சுமந்த பறவை, ஆடியில் நனைந்த வண்டல், கோடையில் ஈரம் காத்த மணல் என்னும் இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சுவது மரங்கள் நின்றிருக்கும் நிலமே. தன்னைத் தானே புதுப்பிக்கும் காடாக அது இராது.

இதிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மேலணைக் காப்புக்காட்டின் பாதுகாப்பை அதனை ஒட்டிய கொள்ளிடப் படுகையின் மணலோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். இரண்டாவது, காட்டின் நலத்தை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் அளவிடாமல், தானே முளைத்து வளர்ந்த நாவல், மருதக் கன்றுகளால் அளவிட வேண்டும். மூன்றாவது, நந்தவனப்புறக் கொடைகள் காட்டியவாறு, பேணுவோரின் வாழ்வுக்கு நிலையான வழி செய்யாத எந்தக் காவலும் நெடுநாள் நில்லாது. ஆனைக்கா என்னும் பெயரிலிருந்து யானை எப்போதோ போய்விட்டது. காவும் போகுமாயின் பெயரில் எஞ்சும் காவலுக்குக் காப்பதற்கு ஒன்றும் இராது.